மாடி ஒழுகுது, வருமானம் பாதியாச்சு: வீட்டு மராமத்துக்குப் பணம் புரட்டுவது எப்படி?

புரட்டாசி கடைசி. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரிக் குடும்பங்களில் கையில் காசு தங்காத நேரம் இது. உழவு, விதை, உரம் என்று இருந்ததெல்லாம் கரிசலுக்குள் போயிருக்கும். மக்காச்சோளமும் உளுந்தும் காசாகி வீடு வந்து சேர மார்கழி, தை ஆகிவிடும். சரியாக இந்த இடைவெளியில்தான் வடகிழக்குப் பருவமழை இறங்கும். மொட்டை மாடி ஒழுகுவதும், போன கோடையில் விரிந்த சுவர் விரிசல் வழியே தண்ணீர் உள்ளே வருவதும் அப்போதுதான் தெரியும்.

அதாவது, வீடு காசு கேட்கும் மாதமும், கை வறண்டிருக்கும் மாதமும் இந்த ஊரில் ஒன்றுதான்.

டவுனுக்குள் கதை கொஞ்சம் வேறு. அருப்புக்கோட்டையில் கூலிக்குத் தறி ஓட்டும் குடும்பத்துக்கு, பாவு வந்தால் வேலை. வராவிட்டால் சும்மா உட்கார வேண்டியதுதான். மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவருக்குப் பனி மாதங்களில் விலை உச்சத்தில் இருக்கும், பறிக்கத்தான் பூ இருக்காது. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு ஊர் வீட்டைக் கவனிக்கும் பிள்ளைகளுக்கும் இந்தச் சிக்கல் வரும். வேலை மாறும் இடைவெளி, மனைவி குழந்தை பிறந்து வேலையை விட்டிருக்கும் காலம், கம்பெனி ஆள்குறைப்பு என்று ஏதோ ஒன்றில் வருமானம் சில மாதங்களுக்குச் சுருங்கும். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து போன் வரும்: "மேல ஒழுகுதுப்பா, இந்த மழைக்குத் தாங்காது போல."

இப்படி வருமானம் தற்காலிகமாகக் குறைந்திருக்கும்போது மராமத்துச் செலவை எப்படிச் சமாளிப்பது?

கரிசல் மண் வீட்டை என்ன செய்யும்?

பணத்தைப் பற்றிப் பேசும் முன் மண்ணைப் பற்றிப் பேச வேண்டும். கரிசல் மண் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் நிலத்தில் பாளம் பாளமாக வெடிப்பு விழுவது இதனால்தான். ஆழம் குறைந்த அஸ்திவாரத்தில் நிற்கும் வீட்டை இந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு ஆண்டும் தூக்கி இறக்குகிறது. ஜன்னல் மூலையில் சாய்வாக ஓடும் விரிசல், பெயர்ந்து நிற்கும் தரை, இறுக்கிப் பிடிக்கும் கதவு எல்லாம் இதன் அடையாளங்கள்.

இதில் பணம் வீணாகும் இடம் ஒன்று உண்டு. விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்து, புட்டி பார்த்து, பெயிண்ட் அடிப்பது. மண் அசையும் வரை அடுத்த கோடையில் அதே இடம் மறுபடி விரியும். முதலில் அந்த விரிசல் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் ஒட்டி வைத்துவிட்டுச் சில மாதங்கள் கவனிப்பது பழைய முறை. கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். அப்படியானால் காசு போக வேண்டிய இடம் சுவர் அல்ல, சுவரைச் சுற்றியுள்ள தரை. மாடித் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் அஸ்திவாரம் ஓரமாக இறங்காமல் தூரமாகக் கொண்டுபோவது, வீட்டைச் சுற்றிச் சரிவான சிமெண்ட் தளம் போடுவது ஆகியவைதான் முதல் வேலை. தூண், பீம், கூரைக் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் உதிர்ந்தால் மட்டும் தள்ளிப்போடவே கூடாது. அதைப் பொறியாளர் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும்.

எது இப்போதே, எது அப்புறம்?

வருமானம் குறைந்த காலத்தில் மராமத்துப் பட்டியலை மூன்றாகப் பிரிப்பது நல்லது.

• உயிருக்கு ஆபத்து: உதிரும் கூரை, ஈரத்தில் ஷாக் அடிக்கும் பழைய வயரிங். இது உடனே.

• விட்டால் செலவு பெருகும் வேலை: மாடி ஒழுகல், அஸ்திவார ஓரத்துத் தண்ணீர். இது முதல் வாய்ப்பில்.

• அழகும் வசதியும்: டைல்ஸ், மாடுலர் கிச்சன், பெயிண்ட், ஃபால்ஸ் சீலிங். இது பழைய சம்பளம் திரும்பிய பிறகு.

'ஆள் வந்தது வந்தாச்சு, எல்லாத்தையும் சேர்த்து முடிச்சிரலாம்' என்ற நினைப்புதான் ஒன்றரை லட்சம் வேலையை மூன்று லட்சமாக்குகிறது.

மாதக் கணக்கும் முக்கியம். மாடியில் நீர்க்கசிவுத் தடுப்பு வேலைக்குத் தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சித்திரை வைகாசி வரை இழுத்தால் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்துவிடும். சிமெண்ட் வேலைக்குக் குறைந்தது ஒரு வாரம் நனைப்புத் தேவை; அதற்கு லாரித் தண்ணீர் வாங்கினால் அது தனிச் செலவு. ஆகவே மாசி, பங்குனிதான் இந்த ஊருக்குத் தோதான காலம். மழை விட்டிருக்கும், கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும், விளைச்சல் காசும் வந்திருக்கும். ஐப்பசிக்கு முன்னால் மாடிக் குழாய்களில் அடைத்திருக்கும் மண்ணை எடுப்பது, ஒழுகும் இடத்துக்குத் தற்காலிக ஒட்டு, வயரிங் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எந்த மாதத்தை வைத்துக் கணக்குப் போடுவது?

கடன் கொடுப்பவர் பழைய சம்பளச் சீட்டைப் பார்ப்பார். கடன் வாங்குபவர் பார்க்க வேண்டியது, வரப்போகும் மாதங்களிலேயே மோசமான மாதத்தை.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன் சம்பளம் ரூ.32,000, மனைவி சம்பளம் ரூ.24,000. சேர்ந்து ரூ.56,000. குழந்தை பிறந்ததால் மனைவி எட்டு மாதம் வேலைக்குப் போகப்போவதில்லை. ஊர் வீட்டு மராமத்துக்கு மதிப்பீடு ரூ.3 லட்சம். 14 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுத் தனிநபர் கடன் எடுத்தால் மாதத் தவணை சுமார் ரூ.10,250. இருவர் சம்பளத்தில் அது 18 சதவீதம். ஒருவர் சம்பளத்தில் 32 சதவீதம். வாடகை, சாப்பாடு, குழந்தைச் செலவு போக மாதம் ரூ.5,000தான் மிஞ்சும் என்றால், முதல் தவணையே கையைக் கடிக்கும்.

ஆண்டு வருமானம் ரூ.3 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கான நுண்கடன் விதிகளில், எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் வரையறுத்தது. அது மேல் வரம்புதான். அந்த அளவுக்குக் கடன் வாங்கலாம் என்ற பரிந்துரை அல்ல.

நகைக் கடன்: கைக்கு எட்டும் வழி, ஆனால்...

இந்தப் பகுதியில் அவசரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பீரோவில் இருக்கும் நகைதான். அதில் தவறில்லை. வங்கியிலும் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் நகைக் கடன் வட்டி, தனிநபர் கடனைவிடப் பொதுவாகக் குறைவு. மாதாமாதம் தவணை கட்டாமல் ஆண்டுக் கடைசியில் மொத்தமாகத் திருப்பும் வசதியும் இருக்கிறது. தையில் காசு வரும் குடும்பத்துக்கு இது பொருந்தும்.

ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட புதிய நகைக் கடன் விதிகளை நிறுவனங்கள் 2026 ஏப்ரல் 1க்குள் முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும். அவற்றில் தெரிந்திருக்க வேண்டியவை:

• ரூ.2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை, ரூ.5 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் கிடைக்கும்.

• மொத்தமாகத் திருப்பும் கடன் என்றால், கட்ட வேண்டிய வட்டியையும் சேர்த்துத்தான் இந்த வரம்பு. சொந்தச் செலவுக்கான இத்தகைய கடனுக்கு 12 மாதம்தான் கெடு. சேர்ந்த வட்டியைக் கட்டினால்தான் புதுப்பிக்க முடியும்.

• கடனை முடித்த பிறகு ஏழு வேலை நாட்களுக்குள் நகை திரும்பி வர வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு.

ஆபத்து கெடுவில் இருக்கிறது. மழை பொய்த்தால் தையில் காசு வராது. வட்டியை மட்டும் கட்டி மறுவருஷம், மறுவருஷம் என்று தள்ளினால், மாடிக்குப் போட்ட பூச்சு பழசாகும். நகை இன்னும் பெட்டகத்திலேயே இருக்கும். எனவே விளைச்சலை மட்டும் நம்பி முழு நகையையும் வைக்கக் கூடாது. அப்படி வைத்துவிட்டால், அடுத்து வரும் மருத்துவச் செலவுக்குக் கையில் எதுவும் இருக்காது.

தவணை குறைந்தால் கடன் மலிவா?

சொந்த வீட்டின் பேரில் வங்கிகள் தரும் மராமத்துக் கடன், ஏற்கெனவே வீட்டுக் கடன் இருந்தால் அதன் மேல் டாப்-அப் ஆகியவற்றில் வட்டி பொதுவாகத் தனிநபர் கடனைவிடக் குறைவு. ஆண்டுக் கணக்கும் நீளம். அதே ரூ.3 லட்சத்தை 9.5 சதவீதத்தில் 10 ஆண்டுக்கு எடுத்தால் தவணை சுமார் ரூ.3,880தான். பார்க்க இதம். ஆனால் மொத்த வட்டி சுமார் ரூ.1.66 லட்சம். மேலே சொன்ன 14 சதவீதத் தனிநபர் கடனில் மூன்று ஆண்டு வட்டி சுமார் ரூ.69,000தான். வட்டி விகிதம் குறைவாக இருந்தும், காலம் நீண்டதால் கட்டும் தொகை கூடிவிட்டது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வருமானம் குறைந்த காலத்துக்காக நீண்ட தவணை எடுத்துக்கொண்டு, சம்பளம் திரும்பியதும் கூடுதலாகக் கட்டி முடித்துவிடலாம். மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது. கையெழுத்துப் போடும் முன், 'முக்கிய விவர அறிக்கை'யைக் கேட்டு வாங்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் இது கட்டாயம். செயலாக்கக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்பது அதில் இருக்கும்.

வீடு யார் பெயரில்?

பல திட்டங்கள் நின்றுபோவது இந்தக் கேள்வியில்தான். பணம் போடுவது மகன். வரி ரசீது அப்பா பெயரில். நத்தம் பட்டா தாத்தா பெயரில். வீட்டை வைத்துக் கடன் தர வங்கி பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாம் ஒரு கோட்டில் இருக்க வேண்டும் என்று கேட்கும். அது இல்லாததால்தான் பலரும் வட்டி கூடுதலான தனிநபர் கடனுக்குப் போகிறார்கள். பட்டா மாற்றம் இழுக்கும் வேலை. காசு தேவைப்படாத மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.

பிஎஃப் பணத்திலும் இதே கதை. நூற்பாலைத் தொழிலாளியானாலும் ஐடி ஊழியரானாலும் வீட்டு மராமத்துக்கு முன்பணம் எடுக்கலாம். ஆனால் இதுவரை இருந்த விதிப்படி வீடு உறுப்பினர் பெயரிலோ, கணவன் அல்லது மனைவி பெயரிலோ, இருவர் பெயரிலோ இருக்க வேண்டும். கட்டி முடித்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். அப்பா பெயரில் உள்ள வீடு இதில் வராது. 2025 அக்டோபர் 13 அன்று கூடிய பிஎஃப் அறங்காவலர் குழு, 13 வகையாகச் சிதறிக் கிடந்த முன்பண விதிகளை மூன்று பிரிவாகச் சுருக்கவும், 12 மாதச் சேவை இருந்தால் போதும் என்று தளர்த்தவும், 25 சதவீத இருப்பை எடுக்க முடியாமல் வைக்கவும் முடிவு செய்தது. விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

வருமான வரியிலும் உரிமையாளருக்குத்தான் சலுகை. பழைய வரி முறையில், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் மராமத்துக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு ரூ.30,000 வரை கழிவு உண்டு.

அரசு உதவி உண்டா?

ஊரகப் பகுதியில் உண்டு, எல்லோருக்கும் அல்ல. குடிசையில் வசிப்பவர் கான்கிரீட் வீடு கட்ட, 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வீட்டுக்கு ரூ.3.5 லட்சம் தருகிறது. ஏற்கெனவே சிறு கடன் வாங்கிக் குடிசைக்கு ஒட்டுப்போட நினைப்பவர், முதலில் இந்தப் பட்டியலில் பெயர் வருமா என்று விசாரிப்பது நல்லது. 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டித் தரப்பட்ட பழைய வீடுகளைப் பழுதுபார்க்கவும் 2024இல் தமிழக அரசு தனித் திட்டம் அறிவித்தது. ஊராட்சி அலுவலகத்திலும், திருச்சுழி, அருப்புக்கோட்டை, காரியாபட்டி, நரிக்குடி ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களிலும் கேட்கலாம். ஒப்புதல் வரும் முன்பே வேலையைத் தொடங்கிவிடக் கூடாது.

'நூத்துக்கு அஞ்சு' என்றால் எவ்வளவு?

அவசரத்தில் எளிதாகக் கிடைக்கும் காசு இதுதான். ரூ.50,000க்கு ஐந்து ரூபாய் வட்டி என்றால் மாதம் ரூ.2,500. ஓராண்டில் ரூ.30,000 கட்டிய பிறகும் அசல் ரூ.50,000 அப்படியே நிற்கும். ஆண்டுக்கு 60 சதவீதம். தண்டல் இன்னும் மோசம். ரூ.10,000 என்று எழுதி ரூ.9,000 கையில் கொடுத்து, நாள் ரூ.100 வீதம் 100 நாள் வசூலித்தால், பார்வைக்கு ஆயிரம் ரூபாய்தான் வட்டி. ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் அது 75 சதவீதத்தைத் தாண்டும். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழகத்தில் 2003 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. கடன் நிறுவனங்களின் அடாவடி வசூலைத் தடுக்க 2025இல் இன்னொரு சட்டத்தையும் சட்டப்பேரவை நிறைவேற்றியது.

லோன் ஆப் பக்கம் போகும் முன் ஒரு சோதனை: போனில் உள்ள தொடர்பு எண்கள், போட்டோ கேலரி இரண்டுக்கும் அனுமதி கேட்டால், அங்கேயே அழித்துவிட வேண்டும். அவற்றைத் தொட ரிசர்வ் வங்கி விதி அனுமதிப்பதில்லை.

ஏற்கெனவே ஓடும் இஎம்ஐ கட்ட முடியாவிட்டால்?

முதல் தவணை பவுன்ஸ் ஆகும் முன்பே வங்கிக்குப் போக வேண்டும். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டவோ, கடனை மறுசீரமைக்கவோ எழுத்து மூலம் கேட்கலாம். தருவது வங்கியின் முடிவு. ஆனால் ஒழுங்காகக் கட்டிவந்த கணக்கோடு பேசுவதற்கும், மூன்று தவணை தவறிய கணக்கோடு பேசுவதற்கும் நிறைய வித்தியாசம். 90 நாட்களுக்கு மேல் நிலுவை நின்றால் அது வாராக் கடன். கிரெடிட் ஸ்கோர் அதற்கு முன்பே சரியத் தொடங்கிவிடும்.

தவணையை ஒத்திவைத்தால் வட்டி நிற்காது. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கொரோனாவுக்காக அறிவிக்கப்பட்ட ஒத்திவைப்பிலும் இதுதான் நடந்தது. வட்டிக்கு வட்டியைத்தான் அரசு பிறகு ஈடுகட்டியது. 9.5 சதவீதத்தில் ரூ.3 லட்சம் பாக்கி இருந்தால் மாத வட்டி மட்டும் ரூ.2,375. எனவே முடிந்தால் வட்டியையாவது கட்டிவிடுவது புத்திசாலித்தனம். தாமதத்துக்கு வங்கி அபராதக் கட்டணம் போடலாம். அதை அசலோடு சேர்த்து அதன் மேல் வட்டி போடக் கூடாது. வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448.

அந்தக் குடும்பம் என்ன செய்யலாம்?

மூன்று லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். மாடி ரூ.90,000. சுற்றுத் தளமும் தண்ணீர் வடிகாலும் ரூ.45,000. வயரிங் ரூ.25,000. டைல்ஸ், சமையலறை, பெயிண்ட் ரூ.1,40,000. கையில் சேமிப்பு ரூ.60,000.

புரட்டாசியில் வயரிங்கும், மாடிக்கு ரூ.8,000 தற்காலிக ஒட்டும். மொத்தம் ரூ.33,000. மீதி ரூ.27,000, ஒரு மாதக் குடும்பச் செலவுக்கான தொகை. அதைத் தொடக் கூடாது.

மாசியில் மாடியும் சுற்றுத் தளமும், ரூ.1,35,000. ஐப்பசி முதல் மாதம் ரூ.5,000 வீதம் ஐந்து மாதம் ஒதுக்கியது ரூ.25,000. விளைச்சலிலிருந்து பெற்றோர் ரூ.40,000. நகைக் கடன் ரூ.70,000. பத்து சதவீதம் என்றால் ஓராண்டு வட்டி ரூ.7,000. வைகாசியில் மனைவி வேலைக்குத் திரும்பியதும் மாதம் ரூ.12,000 கட்டினால், கார்த்திகைக்குள் நகை வீடு வந்துவிடும். கெடுவுக்கு மூன்று மாதம் முன்பே.

மழை ஏமாற்றி, அந்த ரூ.40,000 வராவிட்டால்? சுற்றுத் தளத்தை ஓராண்டு தள்ளி, மாடியை மட்டும் முடிக்கலாம். கடன் அப்போதும் ரூ.65,000தான். டைல்ஸும் சமையலறையும் நகையை மீட்ட பிறகு, சேமித்த காசில்.

இந்தக் கணக்கில் வீடு ஒரே மூச்சில் புதுசாகாது. பழைய தரையிலேயே இன்னும் ஒரு பொங்கல் வரும். ஆனால் அடுத்த ஐப்பசியில் மாடி ஒழுகாது, நகையும் கை நழுவாது. கரிசல்காட்டில் விதைப்பவர் வானம் பார்த்துத்தான் விதைக்கிறார். கடனையும் அதே மாதிரி, காசு வரும் மாதம் பார்த்து வாங்கினால் பாதிக் கவலை குறையும்.